புதுச் சிலைக்கு ஒரு பிறப்புச் சான்று

தஞ்சைச் சீமையில் வைக்கோலுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. உடையக்கூடியது, நெளியக்கூடியது எதுவானாலும் வைக்கோலில் பொதிந்து கட்டுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். ஆனால், சுவாமிமலையில் வார்த்த ஒரு நடராஜர் சிட்னிக்குப் புறப்படும்போது பெட்டிக்குள் ஒரு துரும்பு வைக்கோல்கூட இருக்கக் கூடாது. பயிர்நோயும் பூச்சியும் கூடவே வந்துவிடும் என்று ஆஸ்திரேலியா அதை உள்ளே விடாது. அமெரிக்காவும் நெல் வைக்கோலையும் உமியையும் பேக்கிங் பொருளாக ஏற்பதில்லை. பெட்டி அடிக்கும் பலகை, அதன் உள்மரம் வரைக்கும், 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வெளியே தெரிய வேண்டும். திருவாசிச் சுடர்களுக்கு இடையிலோ முயலகனின் முதுகு மடிப்பிலோ காய்ந்த மண் ஒட்டியிருந்தால் அதற்கும் மறுப்பு உண்டு. அது எந்த மண்? அந்தச் சிலை பிறந்த காவிரி வண்டல்தான். அதை இடுக்கு இடுக்காகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும்.

இவையெல்லாம் சின்ன விதிகள். ஒருமுறை பழகிவிட்டால் பெட்டி அடிக்கும் தச்சருக்கே மனப்பாடமாகிவிடும். பட்டறைகளை உலுக்குபவை வேறு. 2020-ல் கொரோனா, 2023-ன் கடைசியில் செங்கடல், 2025-ல் அமெரிக்க வரி என்று ஆறு வருடத்துக்குள் மூன்று அடி. நடுநடுவே செம்பின் விலை. இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே தீராமல் நிற்பது, ‘இந்தச் சிலை பழையது இல்லை’ என்று நிரூபித்தாக வேண்டிய பாடு.

சப்ளை செயின் என்றதும் கார் தொழிற்சாலையும் செல்போன் உதிரிபாகமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கும்பகோணத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, முருகனின் நான்காம் படைவீட்டைச் சுற்றியுள்ள தெருக்களும் அதே சங்கிலியில்தான் கட்டுண்டிருக்கின்றன. செம்பு வெளிநாட்டுச் சுரங்கத்திலிருந்து வருகிறது. சிலை வெளிநாட்டுக் கோயிலுக்குப் போகிறது. இதில் கப்பலையும் வரியையும்விட சுவாமிமலையை அதிகம் காயப்படுத்துவது, சிலையோடு கூடப் போக வேண்டிய காகிதம் சரியாக இல்லாததுதான் என்பது என் கருத்து. அந்தக் காகிதத்தைச் சரிசெய்வது நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

ஒரு கரு, ஒரு சிலை

தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிச் சேர்த்த மெழுகில் முதலில் உருவம் எழும்புகிறது. அளவுக்கு ஸ்கேல் கிடையாது. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் குறி வைத்துக்கொள்வார்கள். உத்தம தச தாலம் என்றால் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை, தொடைக்கு இத்தனை என்று அந்த ஓலையே சொல்லும். மெழுகு உரு முடிந்ததும் நைசாகச் சலித்த வண்டல் மண் முதல் பூச்சு. மெழுகில் போட்ட நகக் கீறல் அளவுக் கோட்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும் மண் அது. அதற்கு மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சுகள். கம்பி கட்டி நிழலில் காய வைத்தால் கரு தயார்.

கருவை வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். பிறகு குழி வெட்டி, வாய் மட்டும் தெரியும்படி கருவைப் புதைத்து, காய்ச்சிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்று நடுவில் அறக் கூடாது. அறுந்தால் முன்பு விழுந்ததும் பின்பு விழுந்ததும் ஒட்டாது. காற்று வெளியேற விட்ட துளையில் உலோகம் எட்டிப் பார்த்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கிலோ மெழுகுக்கு எட்டு, ஒன்பது கிலோ உலோகம் பிடிக்கும். ஆறிய பிறகு கருவை உடைத்தால்தான் சிலை கைக்கு வரும். அதற்கப்புறம் உளி வேலை, அரம், மெருகு என்று வாரக்கணக்கில் போகும்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இந்த முறையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கரு உடைந்துவிட்டது, ஆகவே இன்னொன்று கிடையாது. வழியில் ஒரு சிலை நசுங்கினாலோ ஏதோ ஒரு துறைமுகத்தில் சிக்கிக்கொண்டாலோ, கிடங்கிலிருந்து மாற்று எடுத்து அனுப்ப முடியாது. மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரு காயவே காயாது. டெல்டாவில் அந்த மாதங்களை வேலைக் கணக்கில் பாதியாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இதன் மேல் வந்து உட்காருகிறது கும்பாபிஷேகத் தேதி. பிட்ஸ்பர்க்கிலோ லண்டனிலோ ஜெர்மனியின் ஹாம் நகரத்திலோ உள்ள கோயில் நிர்வாகம் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டால், சிவாச்சாரியார்களுக்கு டிக்கெட் போட்டாகிவிடும், பத்திரிகை அச்சாகிவிடும். உற்சவர் மட்டும் நடுக்கடலில் இருப்பார். வேறெந்த ஏற்றுமதிச் சரக்கும் முகூர்த்தத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. சட்டை ஒரு வாரம் தாமதமாகப் போனால் விலையைக் குறைத்து விற்கலாம். முகூர்த்தம் தப்பிய உற்சவருக்குத் தள்ளுபடி விலை என்று ஒன்று கிடையாது.

2023 நவம்பரில் ஹவுதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே மெர்ஸ்க், எம்.எஸ்.சி. போன்ற பெரிய நிறுவனங்கள் சூயஸ் வழியைக் கைவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஏறும் பெட்டிகளில் பல கொழும்பில் இறங்கிக் கப்பல் மாறுகின்றன. அங்கே நெரிசல் என்றால் அதுவும் கணக்கில் சேரும். விமானத்தில் அனுப்பலாமே என்றால், ஆளுயர உற்சவர் சில நூறு கிலோ. பீடமும் திருவாசியும் தனி. கட்டணம் பட்டறையின் லாபத்தை விழுங்கிவிடும். இதற்குக் கைவசம் உள்ள மருந்து ஒன்றுதான்: கும்பாபிஷேக நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, சுற்றுவழிப் பயணமாகவே கணக்கிட்டு, மழை மாதங்களைக் கழித்து, அதற்கு முன்னால் மெழுகைத் தொட வேண்டும். அந்த அவகாசம் இல்லாத ஆர்டரை ஒப்புக்கொள்ளாமல் இருக்கும் துணிவும் வேண்டும். அட்வான்ஸ் கையில் வரும்போது அது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும்.

திருடியவர்கள் விட்டுப்போன கடன்

2023-ல் டெல்லி ஜி-20 மாநாட்டு அரங்கான பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜர் சுவாமிமலை வார்ப்பு. தேவசேனாபதி ஸ்தபதி குடும்பத்தார் செய்தது. சுமார் 18 டன் எடை, 2,500 கிலோமீட்டர் சாலைப் பயணம். உள்நாட்டுக்குள் போனதால் அவருக்கு வயதுச் சான்று தேவைப்படவில்லை. அதே பட்டறைத் தெருவிலிருந்து ஓர் அடி உயரச் சிலை வெளிநாட்டுக்குப் போக வேண்டுமென்றால் நிலைமை வேறு.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு வயது தாண்டிய சிலையைத் தனியார் எவரும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று முடிவு சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்கு. ஆகவே சுங்கத்தில் சந்தேகம் வந்தால், ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கேட்பார்கள். விண்ணப்பம், புகைப்படம், நிபுணர் பார்வை என்று நாள்கள் ஓடும். கப்பல் காத்திருக்காது.

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மண்ணிலிருந்து போனவற்றின் கதை அப்படி. கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிவபுரத்து நடராஜர், 1950-களில் பழுது பார்க்கப் போன இடத்தில் ஆள் மாறினார். கோயிலுக்குத் திரும்பியது போலி. அசல் கடல் கடந்து அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் கைக்குப் போய், வழக்கு நடந்து, 1980-களில்தான் நாடு திரும்பியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். அதை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பர் 1-ஆம் தேதி கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அது உடையார்பாளையம் கோயில் சிலைகள் திருடுபோன வழக்கு.

அந்தத் திருட்டுச் சிலைகள் நாட்டை விட்டு எப்படி வெளியேறின? கைவினைப் பொருள் என்று எழுதிய பெட்டியில். அதாவது, இன்று வார்த்த புதுச் சிலையின் பெயரைச் சொல்லித்தான் ஆயிரம் வருடச் சிலை கப்பலேறியது. அந்தப் பொய்க்கான வட்டியைத்தான் சுவாமிமலையின் நேர்மையான பட்டறைகள் ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

இதில் பட்டறைகள் தரப்பிலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று, ரசாயனம் பூசிப் பச்சைக் களிம்பேற்றி, புதுச் சிலையைப் பழசாகக் காட்டும் வேலைக்கு வெளிநாட்டில் கிராக்கி இருக்கிறது. செய்யட்டும், அதுவும் ஒரு தொழில்நுட்பம்தான். ஆனால், எந்த ஆண்டு, எந்தப் பட்டறை என்ற பதிவு ஏதும் இல்லாமல் அப்படிச் செய்து அனுப்புவது, சந்தேகப்படு என்று சுங்க அதிகாரியை நாமே அழைப்பதாகும். ஊருக்கே அதனால் கெட்ட பெயர்.

ஒரே நடராஜர், மூன்று வாசல்

2025-ன் அமெரிக்க வரி இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஏப்ரல் 2-ல் இந்தியப் பொருள்களுக்கு 26 சதவீதம் என்று அறிவித்தார்கள். பிறகு நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம் அமலுக்கு வந்தது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25 சேர்ந்து, ஐம்பதாக நின்றது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தில் நுழைந்த சரக்குக்கு மட்டும் அந்த இரண்டாவது 25-லிருந்து விலக்கு. உளி வேலை இரண்டு நாள் இழுத்திருந்தால்கூட வரி இரட்டிப்பாகும் நிலை.

பெரிய சிலைகளை விடுங்கள். நியூஜெர்சியிலோ டெக்சஸிலோ உள்ள தமிழ் வீட்டுப் பூஜை அறைக்கு ஒரு சாண் பிள்ளையார், ஒரு குட்டி முருகன் என்று பார்சலில் போய்க்கொண்டிருந்தவைதான் சின்னப் பட்டறைகளுக்கு மாதாமாதம் அரிசி போட்டவை. 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு வரியில்லை என்ற சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29-ல் நிறுத்தியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15-ல்தான் மறுபடி எடுத்தது. நவராத்திரி அந்த இடைவெளிக்குள் வந்து போய்விட்டது.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். அப்போதும் எல்லாச் சிலைக்கும் ஐம்பது சதவீதம் இருக்கவில்லை.

உலக நாடுகள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் சுங்க அட்டவணையில் சாதா உலோகத்தாலான சிறு சிலைகளும் அலங்காரப் பொருள்களும் 8306 என்ற தலைப்பில் வருகின்றன. அசல் சிற்பம் என்றால் 9703. 2025-க்கு முன்பு அமெரிக்காவில் இந்த வேறுபாடு பணத்தில் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் புது வரிகள் 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின் பேரில் போடப்பட்டவை. புத்தகம், திரைப்படம், கலைப் படைப்பு போன்றவற்றைத் தொட அதிபருக்கு அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை. ஆகவே, அசல் கலைப் படைப்பாக நுழைந்த சிற்பத்துக்கு அந்த வரி இருக்கவில்லை. அதே உயரம், அதே எடை, அதே கை செய்த சிலை அலங்காரப் பொருளாக நுழைந்தபோது பாதி விலை வரி கட்ட வேண்டியிருந்தது.

எது கலை, எது சரக்கு என்ற இந்த வழக்குக்கு நூறு வயது ஆகப்போகிறது. 1926-ல் பிரான்ஸிலிருந்து நியூயார்க் வந்த பிரான்குசியின் ‘விண்வெளிப் பறவை’ என்ற வெண்கலச் சிற்பத்தை, சமையலறைச் சாமான், ஆஸ்பத்திரிச் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். சிற்பி வழக்காடினார். 1928 நவம்பரில் அது கலைதான் என்று அமெரிக்கச் சுங்க நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

சுவாமிமலைக்கு இந்த வழக்கு இன்னும் கடினமானது. அட்டவணையின் 97-ஆம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: வணிகத் தன்மையுள்ள மரபான கைவினையும், மொத்தமாகச் செய்த நகல்களும், கலைஞரே செய்திருந்தாலும், அசல் சிற்பமாகா. ஐரோப்பியச் சிற்பி மரபை மீறினால் அசல். நம் ஸ்தபதி மரபைப் பிழையில்லாமல் காப்பாற்றினால் அவருடையது கைவினை! இது நியாயமில்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அதே தியான சுலோகம், அதே தாலக் கணக்கு இருந்தும், ஒரு ஸ்தபதியின் நடராஜரும் இன்னொருவருடையதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு கருவும் உடைக்கப்படுகிறது. மொத்த நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால், இதைச் சுங்க அதிகாரியிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. மெழுகு உருவின் படம், உடைத்த கருவின் படம், ஸ்தபதியின் கையொப்பமிட்ட குறிப்பு என்று ஆதாரம் காட்ட வேண்டும்.

மூன்றாவது வாசல் கோயில்களுக்கானது. அமெரிக்க அட்டவணையின் 98-ஆம் அத்தியாயத்தில், மத நிறுவனங்கள் தங்கள் உபயோகத்துக்கு வரவழைக்கும் பீடங்கள், திருவுருவங்கள் போன்றவற்றுக்கு வரியில்லாத தனிப் பிரிவு உண்டு. அதில் முறைப்படி நுழைந்தவற்றுக்கு 2025-ன் கூடுதல் வரி பொருந்தவில்லை. ஆனால், அதைக் கேட்டு வாங்க வேண்டியது இறக்குமதி செய்யும் கோயில் நிர்வாகம். அவர்கள் பெயரில் இன்வாய்ஸ் இருக்க வேண்டும். பக்தர் ஒருவர் தன் பெயரில் தருவித்துக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்க நினைத்தால், அந்தப் பிரிவு கைநழுவிப் போகலாம்.

சந்தேகம் இருந்தால் அமெரிக்கச் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் தீர்ப்புக் கேட்கலாம். கட்டணம் இல்லை, பொதுவாக முப்பது நாளில் பதில் வரும். வரி குறையட்டும் என்று வகையை மாற்றி எழுதுவது மட்டும் கூடவே கூடாது. ஒருமுறை பிடிபட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறப்பார்கள்.

வரியை யார் கட்டுவது என்பதிலும் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். வாங்குபவர் வீட்டு வாசல் வரை எல்லாச் செலவும் என் பொறுப்பு என்ற டி.டி.பி. முறையில் விலை பேசியவர், இடையில் ஐம்பது சதவீதம் ஏறினால் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றுவதோடு என் பொறுப்பு முடிந்தது என்ற எஃப்.ஓ.பி. முறையில் பேசியவருக்கு அந்தச் சுமை இல்லை. ஆர்டர் தாளில் மூன்று எழுத்துதான். பட்டறையின் ஒரு வருட வருமானமே அதில் மாறிப்போகும்.

செம்பு எங்கிருந்து வருகிறது?

பஞ்சலோகத்தில் பெரும்பங்கு செம்பு. பித்தளையும் காரீயமும் கொஞ்சம். தங்கமும் வெள்ளியும் சிட்டிகை. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலை மூடப்பட்டது. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் உற்பத்தித் திறன் கொண்ட ஆலை அது. சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா அதன்பின் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. பதின்மூன்று உயிர் போன விஷயத்தில் செம்பு விலையை வைத்து ஆலைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. விலையை இனி லண்டன் சந்தைதான் முடிவு செய்யும் என்பதைச் சொல்கிறேன். 2024 மே மாதம் அங்கே டன் விலை முதன்முறையாக 11,000 டாலரைத் தாண்டியது. 2025 செப்டம்பரில் இந்தோனேஷியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு புகுந்து தொழிலாளர்கள் இறந்து வேலை நின்றபோது மறுபடியும் ஏற்றம்.

மெழுகு தொடங்கும் நாளில் பேசிய கிலோ விலை, ஊற்றும் நாளில் கட்டுபடியாகாமல் போவது இப்படித்தான். மெழுகு உருவை எடை போட்டதுமே எத்தனை கிலோ உலோகம் வேண்டுமென்று தெரிந்துவிடுகிறது. அட்வான்ஸ் வந்த அன்றைக்கே அந்தச் செம்பை வாங்கிப் பூட்டி வைப்பவர் பிழைத்துக்கொள்கிறார். அட்வான்ஸைப் பழைய கடனுக்குக் கட்டிவிட்டவர் மாட்டிக்கொள்கிறார். கூட்டுறவு முறையில் செம்பை மொத்தமாக வாங்கி வைத்து, ஆர்டர் காகிதத்தின் பேரில் பட்டறைகளுக்குக் கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்தால் பாதிச் சங்கடம் தீரும். இங்கே உற்பத்தி நிலையம் வைத்திருக்கும், தமிழக அரசின் பூம்புகார் கைவினை நிறுவனம் அதை எடுத்துச் செய்யத் தகுந்த இடம்.

வெளிநாட்டுச் செம்பு என்பதால் சிலை வெளிநாட்டுச் சரக்காகிவிடாது. செம்புக் கட்டி சிலையாகும்போது அட்டவணையின் தலைப்பே மாறிவிடுகிறது. பொதுவான விதிப்படி அது இந்தியப் பொருள். 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம் போன்றவற்றின் சலுகையைப் பெற, பிறப்பிடச் சான்றிதழ் எடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

மெழுகு நிலையிலேயே பீடத்தின் அடியில் ஆண்டு, பட்டறைப் பெயர், வரிசை எண் மூன்றையும் எழுதிவிட வேண்டும். அப்போது எழுத்தும் சிலையோடு சேர்ந்தே வார்ப்பாகிறது. பிறகு வெட்டிய எழுத்துக்கும் வார்ப்பில் வந்த எழுத்துக்கும் வித்தியாசம் தெரிந்த எவரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். மெழுகு, கரு, ஊற்று, உளி வேலை என்று ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு ஒரு படம். மெழுகின் எடை, உலோகத்தின் எடை ஒரு நோட்டில். செல்போன் இல்லாத பட்டறை இன்று எது? ‘சுவாமிமலை வெண்கலச் சிலைகள்’ என்ற புவிசார் குறியீடு இருக்கிறது. அதைப் பயன்படுத்த உரிமை பெற்றவராகப் பதிந்துகொண்டு அந்த எண்ணையும் சேர்க்கலாம்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. கையடக்க எக்ஸ்-ரே கருவி ஒன்று உலோகக் கலவையைச் சில நொடிகளில் காட்டிவிடும். சோழர் கால வார்ப்புகள் பெரும்பாலும் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தவை. பித்தளை கலக்கும் இன்றைய வார்ப்பில் துத்தநாகம் பளிச்சென்று தெரியும். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் உலோகத்தை ஆராய்ந்த சாரதா ஸ்ரீனிவாசன் போன்ற அறிஞர்களின் உழைப்பு நம்மிடம் இருக்கிறது. கலவை மட்டுமே முடிவு சொல்லிவிடாது. பட்டறைப் பதிவோடு சேர்த்துப் பார்த்தால் ஐயத்துக்கு இடம் குறைவு.

சிலைத் திருட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் கும்பகோணத்தில் இருக்கிறது. புதுச் சிலைக்குச் சான்று தரும் தொல்லியல் நிபுணர் குழு, மாதத்தில் குறித்த இரண்டு நாள்கள் சுவாமிமலைக்கு வந்து உட்கார என்ன தடை? பெட்டி அடிப்பதற்கு முன், ஸ்தபதி பக்கத்தில் நிற்க, சிலையைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, அங்கேயே கையெழுத்துப் போடலாம். அந்தச் சான்றின் எண்ணை சென்னை, தூத்துக்குடி சுங்க அலுவலகங்கள் கணினியில் பார்த்துக்கொள்ளட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகமும் ஸ்தபதிகளும் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும், அடுத்த மழைக்காலத்துக்கு முன்னதாகவே.